'கொலஸ்ட்ரால் ஃப்ரீ' எண்ணெய் என்றால் நல்ல எண்ணெயா? கொழுப்பில் பார்க்க வேண்டியது என்ன?

மளிகைக் கடையில் எண்ணெய் வாங்கப் போனால், பாக்கெட்டில் முதலில் கண்ணில் படுவது 'கொலஸ்ட்ரால் ஃப்ரீ' என்ற வார்த்தைதான். அது பொய் இல்லை. ஆனால், பெருமைப்படவும் அதில் ஒன்றும் இல்லை. கொலஸ்ட்ரால் இருப்பது இறைச்சி, முட்டை, பால் போன்ற உணவுகளில். கடலை, எள், சூரியகாந்தி, பாமாயில் என எந்தத் தாவர எண்ணெயிலும் அது சொல்லும்படி இருப்பதில்லை. அப்போ எதைத்தான் பார்த்து வாங்குவது?

மூன்று வகைக் கொழுப்பு

முதலாவது, நிறைவுறாக் கொழுப்பு. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், வேர்க்கடலை, மத்தி மீன் ஆகியவற்றில் இது அதிகம். உடலுக்கு நல்லது.

இரண்டாவது, நிறைவுற்ற கொழுப்பு. ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல் அளவை இது கூட்டும். தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதமும், பாமாயிலில் ஏறக்குறைய பாதியும் இந்தக் கொழுப்புதான். நெய், வெண்ணெயிலும் அதிகம். கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். ஒரு நாளில் கிடைக்கும் மொத்த கலோரியில் 10 சதவீதத்துக்கு மேல் இதிலிருந்து வரக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். செக்கில் ஆட்டியதாலேயே இந்தக் கணக்கு மாறிவிடாது.

மூன்றாவது, டிரான்ஸ் கொழுப்பு. எல்டிஎல்லைக் கூட்டும், நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல்லையும் குறைக்கும். வனஸ்பதியிலும், அதில் செய்த பேக்கரி பண்டங்களிலும் அதிகம் இருந்தது இதுதான். இந்தியாவில் 2022 ஜனவரி முதல் இதற்கு 2 சதவீதம் என உச்சவரம்பு இருக்கிறது.

எவ்வளவு ஊற்றலாம்?

நல்ல எண்ணெய்தானே என்று தாராளமாக ஊற்றவும் முடியாது. எந்தக் கொழுப்பாக இருந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2,000 கலோரி உணவுக்கு 27 கிராம் எண்ணெய் என்கிறது. அதாவது சுமார் ஆறு டீஸ்பூன். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர். சாயந்திரம் டீக்கடையில் சாப்பிடும் வடையும் பஜ்ஜியும் இந்தக் கணக்கில்தான் வரும்.

காய்ந்த எண்ணெய் என்னும் சிக்கல்

அந்த வடையில்தான் அடுத்த பிரச்சினை. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது சிதைந்து, உடலுக்கு ஆகாத சேர்மங்கள் சேர்கின்றன. இவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் இருக்கிறது. ஆனால், ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் இடங்கள்தான் அதற்குக் கணக்கு எழுதி வைக்க வேண்டும். தெருமுனைக் கடைகள் அந்தப் பதிவேட்டுக்குள் வருவதே இல்லை.

யார் கையில் இருக்கிறது?

"நல்ல எண்ணெயா பார்த்து வாங்குங்க" என்று சொல்வது எளிது. ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் கிடைக்கும்போது, பல மடங்கு விலை கொடுத்துக் கடலை எண்ணெய் வாங்க எத்தனை குடும்பங்களால் முடியும்? ரேஷனில் கடலை எண்ணெய், நல்லெண்ணெயையும் மானிய விலையில் தருவது, சிறு கடைகளிலும் எண்ணெயைச் சோதிப்பது, கழித்த எண்ணெயை அவர்களிடமிருந்து காசு கொடுத்து வாங்கிக்கொள்வது ஆகியவை அரசு செய்ய வேண்டியவை. அபராதத்துக்குப் பயப்படும் கடைக்காரரைவிட, பழைய எண்ணெய்க்கு விலை கிடைக்கும் கடைக்காரர்தான் அதைச் சீக்கிரம் சட்டியிலிருந்து இறக்குவார்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவுதான்: பாக்கெட்டின் முன்பக்கத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் 'சாச்சுரேட்டட்', 'டிரான்ஸ்' என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். அப்பளம் பொரித்த எண்ணெயை அடுத்த வாரத்துக்கு எடுத்து வைக்காதீர்கள்.