பாலைக்கு நிறம் உண்டா?

ஓமான் நாட்டின் சலாலா நகரிலே தொழில் புரியும் எமது பழைய மாணவர் ஒருவர், யூபிலிக் கண்காட்சிக்கென இரண்டு நிழற்படங்கள் அனுப்பியிருந்தார். இரண்டும் ஒரே மணற்குன்றின் காட்சியே. ஒன்று வண்ணப்படம், மற்றையது அதனையே கறுப்பு வெள்ளையாக மாற்றியது. மண்டபச் சுவரிலோ ஒன்றுக்கே இடமிருந்தது. எதனை மாட்டுவது என்று ஆசிரியர் அறையில் எழுந்த வாதம் இரண்டு இடைவேளைகளை விழுங்கிற்று. சித்திர ஆசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் கறுப்பு வெள்ளையின் பக்கம் நின்றனர். நாம் வண்ணத்தின் பக்கம். தமிழ் கற்பிப்பவருக்கு இங்கென்ன வேலை என்று கேட்போர் கேட்கட்டும். பாலைத்திணையை ஆண்டுதோறும் வகுப்பிலே விளக்கி வருகின்ற எமக்கும் இதிலே ஒரு சொல் சொல்ல உரிமை உண்டு.

பாலையைப் படமாக வரைக என்றால் மாணவர் ஒட்டகத்தையும் மணல்மேட்டையும் வரைந்து தருவர். நம் புலவர் பாடிய பாலை அதுவன்று. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்தவிடத்துப் பாலை பிறக்கும் என்பது சிலப்பதிகாரம் கூறும் செய்தி. மழை பெய்தால் அது மீண்டும் தளிர்க்கும். அரேபியப் பாலைவனம் அவ்வாறு வந்து போவதன்று. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவது போலவே, பாலைவனம் ஒன்றுமில்லாத வெறுவெளி, ஆதலின் அதற்கு நிறமும் இல்லை என மயங்குவதும் எங்கும் காணப்படுகின்றது. கறுப்பு வெள்ளைக்காக வாதிட்டோர் பலரின் உள்ளத்தில் இருந்ததும் இதுவே.

மணலுக்கு நிறமுண்டு. அரேபியாவின் தென்பகுதியிலே பரந்து கிடக்கும் றுப் அல் காலிப் பெருமணலில், மணற்பருக்கைகளின்மேற் படிந்த இரும்பு ஒட்சைட்டே அச்செம்மையைத் தருவது. ஆபிரிக்காவின் நமீப் பாலைவனத்திலே கடலோரக் குன்றுகள் வெளிறியிருக்க, உள்நாட்டுக் குன்றுகள் சிவந்து நிற்கின்றன. காற்றும் காலமும் எழுதிய கணக்கு அது. அங்கே சொசுஸ்வ்லெய்க்கு அருகில், பல நூற்றாண்டுகளுக்கு முன் பட்டுப்போன வேல இன மரங்கள் வெண்களிமண் தரையிலே கரிய எலும்புகள் போல நிற்கும். பின்னால் செங்குன்று, அதன்மேல் நீலவானம். இக்காட்சியைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால், குன்றும் வானும் ஒரே சாம்பலாகிவிடவுங் கூடும். கமராவின் முன்னே சிவப்புக் கண்ணாடியை இட்டால் மணல் வெளுத்து வானம் இருளும். நீலக் கண்ணாடியை இட்டால் மணல் இருண்டு வானம் வெளுக்கும். கறுப்பு வெள்ளைதான் நேர்மையான சாட்சி என்பார்க்கு இதனைச் சொல்லியே தீரவேண்டும். விடியற்பொழுதில் மணற்குன்றின் நிழல் கறுப்பாயிருப்பதில்லை. வானத்தின் ஒளி பட்டு நீலமாயிருக்கும். ஒளி பட்ட பக்கம் செம்பொன், மறுபக்கம் நீலம். வண்ணத்தை நீக்கினால் எஞ்சுவது வெளிச்சமும் இருட்டுமே.

எதிர்க்கட்சியாரின் வாதத்திலும் வலிமை உண்டு என்பதை மறைக்கோம். வில்பிரட் தெசிஜர் 1946 முதல் 1948 வரையான காலத்தில் றுப் அல் காலியை இருமுறை கடந்தார். முதன்முறை அவர் புறப்பட்டது இதே சலாலாவிலிருந்துதான். லைக்காக் கமராவால் அவர் எடுத்தவை கறுப்பு வெள்ளைப் படங்கள். பெது மக்களின் முகங்களையும், மணலின் மடிப்புகளையும், ஒட்டக வரிசையையும் அப்படங்களிற் காண்போர் எவரும் நிறமில்லையே என ஏங்குவதில்லை. அன்சல் அடம்ஸ் 1948இல் அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கிலே சூரியோதயத்தில் எடுத்த மணற்குன்றுப் படமும் அத்தகையதே. அங்கே பொருளாவது நிறமன்று. ஒளியும் நிழலும் வெட்டிக்கொள்ளும் விளிம்பு. ஆனால், அவர் இடத்திலே நிற்கும்போதே, எவ்விடம் எத்துணைக் கறுப்பாக அச்சில் விழும் எனக் கணித்த பின்னரே படமெடுப்பவர். வெள்ளிப் படிமத்தால் ஆன கறுப்பு வெள்ளை அச்சு, சாயத்தாலான பழைய வண்ண அச்சுகளிலும் நெடுங்காலம் நிற்கும் என்று விஞ்ஞான ஆசிரியர் கூறியதற்கும் எம்மிடம் மறுமொழி இல்லை.

எனினும் எம்மை வண்ணத்தின் பக்கம் நிலைநிறுத்தியது வேறொரு நூல். அமெரிக்காவிலே கொலராடோ ஆற்றின் குறுக்கே கிளென் பள்ளத்தாக்கு அணை எழுந்தபோது, அதன் மேலே கிடந்த செம்பாறை இடுக்குகளையெல்லாம் எலியட் போட்டர் வண்ணத்திலே படமெடுத்தார். நூல் வெளிவந்ததும் அணை மூடப்பட்டதும் 1963ஆம் ஆண்டிலேயே. நீர் ஏறிற்று, பாறைகள் மூழ்கின. செம்பாறைமேல் வழிந்து காய்ந்த கரிய கறைகளும், ஈரத்திலே விழுந்த வானத்தின் நீலமும் அவர் படங்களில் உள்ளன. அவர் கறுப்பு வெள்ளையைத் தேர்ந்திருந்தால் பாறையின் வடிவம் எஞ்சியிருக்கும். நிறத்தை எவரிடம் சென்று கேட்பது? அண்மைய வறட்சி ஆண்டுகளில் நீர் இறங்கியபோது, பாறைகள் சில வெளிப்பட்டன, உப்புப் படிந்த வெண்பட்டையுடன்.

இக்காலத்துக் கமரா பெரும்பாலும் வண்ணத்தையே முதலிற் பதிவு செய்கின்றது. பின்னர் கணினியில் ஒரு விரலசைவாற் கறுப்பு வெள்ளையாக்கிவிடலாம். வெளிச்சம் கெட்ட நண்பகற் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி அதனைக் கலை என்று நீட்டும் வழக்கம் எமது நிழற்படக் கழக மாணவரிடையேயும் புகுந்துள்ளது. நிழலே இல்லாத உச்சி வேளையிலே எடுத்த மணலை எந்த நிறமாற்றமும் மீட்காது என்பதை அவர்களுக்கு எத்தனை முறை சொல்வது!

வாக்கெடுப்பிலே எமது கட்சி தோற்றது. மண்டபச் சுவரிலே இன்று தொங்குவது கறுப்பு வெள்ளைப் படமே; வண்ணப்படம் நூலக வாயிலுக்குப் போயிற்று. முடிவை அறிவித்துப் படமெடுத்தவருக்கு எழுதினோம். மாலை வெயிலில் மணலின் நிறத்தைக் கண்டே வண்டியை நிறுத்தியதாகவும், கறுப்பு வெள்ளையாக்கியது இரவு அறைக்கு மீண்டபின் தோன்றிய எண்ணமே எனவும் அவர் மறுமொழி எழுதியுள்ளார். அக்கடிதத்தைச் சித்திர ஆசிரியரின் மேசைமீது வைத்துள்ளோம். அவர் இன்னும் வாசிக்கவில்லை.