பிள்ளை மைதானத்தில், பில் வீட்டில்

"எங்கட பெற்றோருக்கு விளையாட்டின்ர அருமை விளங்கிறேல்ல. பிள்ளையள ரியூசனுக்கு அனுப்புவினம், மைதானத்துக்கு விடமாட்டினம்."

இந்த வசனத்தை நாங்கள் எத்தனை இல்ல விளையாட்டுப் போட்டிகளில் கேட்டிருப்போம்! பேசுகிற பிரதம விருந்தினர் பந்தலுக்குக் கீழே, மெத்தைக் கதிரையில் இருந்து எழும்பி வந்திருப்பார். அவர் யாரைக் குற்றம் சொல்கிறாரோ அந்தப் பெற்றோர் மைதானத்தின் மற்றப் பக்கம், கொளுத்துகிற வெயிலில், பிள்ளையின் தண்ணீர்ப் போத்தலையும் புத்தகப் பையையும் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். பேச்சு முடிந்ததும் கை தட்டுவதும் அவர்கள்தான். நாங்களும் தட்டியிருக்கிறோம். இனித் தட்டுவதாக இல்லை.

நாங்கள் சொல்ல வந்தது இவ்வளவுதான். திருகோணமலையில் பிள்ளைகளின் விளையாட்டைத் தாங்கிக்கொண்டு நிற்பது திணைக்களமும் இல்லை, சங்கங்களும் இல்லை. அம்மாவும் அப்பாவும்தான். செலவையும் அவர்கள் தலையில் கட்டிவிட்டு, பிள்ளை இடையில் நின்றால் பழியையும் அவர்கள் தலையில் போடுவது அநியாயம்.

நாங்கள் ஒன்றும் வெளியில் இருந்து பார்த்தவர்கள் இல்லை. எங்களில் சிலர் வலைப்பந்து விளையாடினோம், சிலர் உதைபந்து, ஒருவர் நீளம் பாய்ந்தார். அநேகமான ஆட்கள் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டோம். நிறுத்தியபோது நாங்களும் வீட்டில்தான் கோபப்பட்டோம். "நீங்கள் விட்டிருந்தா நான் நஷனலுக்குப் போயிருப்பன்" என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். இப்போது வந்தாறுமூலையில் கலைப்பீடத்தில் படித்துக்கொண்டு, மாதக் கடைசியில் பஸ் காசை எண்ணிப் பார்க்கும்போதுதான் அந்த வீட்டுக் கணக்கு எங்களுக்குப் பிடிபடுகிறது.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். எங்களில் ஒருத்தியின் அப்பா திருக்கடலூரில் மீன்பிடிக்கிறவர். மாரியில் கடல் பெருக்கெடுத்தால் நாட்கணக்கில் வள்ளம் இறங்காது. அந்த மாரி முடிவதற்கு முதலே பள்ளிக்கூடம் தொடங்கிவிடும். புதுக் கொப்பி, புதுச் சீருடை. அதோடு இல்ல விளையாட்டுப் போட்டி வரும்: இல்ல நிறத்தில் ரீசேட், சோடனைக்குக் காசு, பயிற்சி நாளில் சாப்பாடு. பிள்ளை கெட்டிக்காரியாக இருந்தால் செலவு அதோடு நிற்காது. கோட்டம், வலயம், மாவட்டம், மாகாணம் என்று ஒவ்வொரு படி ஏறும்போதும் செலவும் ஒரு படி ஏறும். மாகாணப் போட்டி மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் என்றால் போக மட்டும் சுமார் 130 கிலோமீற்றர். வானுக்குப் பங்குக் காசு, தங்குகிற இடத்துக்குச் சாப்பாடு, கூடப் போகிற அம்மாவுக்கு இரண்டு நாள் வேலை இல்லை. மற்ற வீட்டில் பிள்ளை வென்றால் சந்தோசம் மட்டும் வரும். எங்கள் வீட்டில் சந்தோசத்துக்குப் பின்னால் "அடுத்தது எங்க?" என்ற கேள்வியும் வரும்.

2022 ஐ மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பொருட்களுக்கு மட்டும் 94.9 சதவீதம். அதாவது ஒரு வருசத்துக்குள் சாப்பாட்டுச் செலவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. விளையாடுகிற பிள்ளைக்கு முட்டை கொடுங்கோ, பால் கொடுங்கோ என்று பயிற்றுநர் சொல்கிறார். அவர் சொல்வது சரி. ஆனால் அந்த வருசம் பல வீடுகளில் முட்டை விளையாடுகிற பிள்ளைக்கு மட்டும் அவிந்தது. தங்கச்சிக்கு இல்லை. அம்மாவுக்குக் கேட்கவே வேண்டாம். விலை பிறகு ஏறின வேகம் குறைந்தது, ஏறின இடத்தில் இருந்து பெரிதாக இறங்கவில்லை. இதைத்தான் "அருமை விளங்காத பெற்றோர்" என்கிறீர்களா?

பெண் பிள்ளை என்றால் கணக்கு இன்னும் நீளம். "வெயில்ல கறுத்துப் போவாய்", "அரைக் காற்சட்டையோட ஆம்பிளையளுக்கு முன்னால ஓடுறதோ" என்ற கதைகள் எங்கள் வீடுகளில் இருந்தன. இல்லை என்று சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே பின்னேரம் ஐந்தரைக்கு மைதான வாசலில் வந்து நின்ற அம்மாக்களையும் நாங்கள் கண்டிருக்கிறோம். ஏன் நின்றார்கள்? உடுப்பு மாற்ற ஒழுங்கான அறை இல்லை. பாவிக்கக்கூடிய கழிப்பறை இல்லை. மாதவிடாய் நாளில் பிள்ளை பயிற்சி முடியும்வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கும். இருட்டினால் வெளிச்சம் இல்லை. வெளியூர்ப் போட்டிக்குப் பெண் பிள்ளைகளோடு ஒரு பெண் பொறுப்பாளர் போக வேண்டும். பல தடவை அந்த இடத்தை யாரோ ஒரு பிள்ளையின் அம்மாதான் நிரப்புகிறா, அதுவும் தன்னுடைய காசில். சம்பளமில்லாத பாதுகாவலர், சமையல்காரி, மருத்துவத் தாதி எல்லாம் அவதான். அப்படி ஒருவர் ஒரு நாள் "இனி ஏலாது" என்றால் அது பிற்போக்கு ஆகிவிடுமா? அவ களைத்துப் போனா, அவ்வளவுதான்.

பயத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். "ரிங்கோ அம்மாக்கள் சரியான பயந்தாங்கொள்ளிகள்" என்று கொழும்பில் இருந்து வந்த ஒரு நண்பன் பகிடிக்குச் சொன்னான். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. 2006 ஜனவரி 2 ஆம் திகதி பின்னேரம் இந்த ஊர்க் கடற்கரையில் காற்று வாங்கப் போயிருந்த ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2019 யூலையில் குற்றம் சாட்டப்பட்டிருந்த 13 விசேட அதிரடிப்படையினரும் போதிய சாட்சியம் இல்லை என்று விடுவிக்கப்பட்டார்கள். அந்தப் பிள்ளைகள் எங்கள் அம்மாக்களுக்கு வெறும் செய்தி இல்லை. பக்கத்துத் தெரு, பக்கத்து வகுப்பு. இருட்ட முதல் வீட்டுக்கு வா என்று இந்த ஊரில் ஒரு தாய் சொல்வதற்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. அந்தப் பயத்தைப் போக்குவது மேடைப் பேச்சு இல்லை. வெளிச்சமும், பொறுப்பான ஆளும், பிள்ளையை வீடுவரை கொண்டுவந்து விடுகிற வாகனமும்தான்.

சரி, ரியூசன்? பெற்றோர் விரட்டுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்களை யார் விரட்டுவது? இந்த நாட்டில் ஓஎல்லும் ஏஎல்லும்தான் ஒரு பிள்ளையின் தலையெழுத்து. பல்கலைக்கழக அனுமதியில் விளையாட்டு முதலான புறக்கிருத்தியங்களில் திறமை காட்டியவர்களுக்கு விசேட உள்வாங்கல் இருக்கிறது. எவ்வளவு தெரியுமா? ஒவ்வொரு கற்கைநெறியிலும் 0.5 சதவீதம். இருநூறு இடத்துக்கு ஒன்று. பத்து வருசம் வெயிலில் ஓடினாலும் கடைசியில் கேட்கப்போவது இசட் புள்ளிதான் என்று தெரிந்த அப்பா வேறு என்ன செய்வார்? அவர் போட்ட கணக்கில் பிழை இல்லை. பிழை கணக்கைக் கொடுத்தவனில்.

அதற்காகப் பெற்றோர் எல்லோரையும் கோயிலில் வைத்துக் கும்பிடச் சொல்லவில்லை. எல்லைக்கோட்டில் நின்று நடுவரைத் தூசணத்தால் ஏசுகிற அப்பாக்களை ஏகாம்பரம் மைதானத்திலும் மக்கெய்சர் விளையாட்டரங்கிலும் பார்த்திருக்கிறோம். தோற்றுப்போன பன்னிரண்டு வயதுப் பிள்ளையோடு வீடுவரை ஒரு சொல்லும் பேசாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டிய அப்பாவும் இருக்கிறார். அது பிழை. பிள்ளைக்கு அது வடுவாக நிற்கும். ஆனால் ஒன்றை யோசியுங்கள். கடன் வாங்கிச் சப்பாத்து வாங்கின மனுசனுக்கு ஒரு கோல் வெறும் கோலாகத் தெரியாது. விளையாட்டை முதலீடு ஆக்கிவிட்டால் பெற்றோர் இலாபம் கேட்பார்கள். அவர்களுக்குப் புத்தி சொல்ல முதல் அந்தக் கடனைத் தூக்குங்கள்.

இது எங்கள் ஏழ்மையால் வந்த வியாதி மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். லக்ரோஸ் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. நுனியில் வலை பின்னிய தடியால் பந்தைப் பிடித்து எறிவது. வட அமெரிக்காவின் பூர்வகுடிகள் நூற்றாண்டுகளாக, ஊர் ஊராகச் சேர்ந்து, வழிபாடு போல விளையாடியது. இன்றைக்கு அதே விளையாட்டு அமெரிக்காவில் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு உரியது என்று பெயர் எடுத்திருக்கிறது. தலைக்கவசம், கையுறை, தடி, கழகக் கட்டணம், வார இறுதியில் வேறு மாநிலத்துக்குப் பயணம். அந்தப் பெற்றோரும் காருக்குள் சாப்பிட்டுக் காருக்குள் நித்திரை கொள்கிறார்கள். எல்லா விளையாட்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு அமெரிக்கக் குடும்பம் ஒரு பிள்ளையின் பிரதான விளையாட்டுக்கு 2024 இல் சராசரியாக ஆயிரம் டொலருக்கு மேல் செலவழித்தது என்று அஸ்பென் நிறுவனத்தின் ஆய்வு சொல்கிறது. காசு உள்ள நாட்டிலும் செலவைப் பெற்றோரிடம் விட்டால், காசு உள்ள பிள்ளைதான் விளையாடும்.

வேறு மாதிரியும் செய்யலாம். நோர்வேயில் பிள்ளைகளின் விளையாட்டு உரிமைகள் என்று 1987 இலேயே விதிகள் கொண்டுவந்தார்கள். 13 வயதுக்கு முதல் தேசிய சம்பியன்ஷிப் போட்டி கிடையாது. 11 வயதுக்கு முதல் புள்ளிப் பட்டியல், தரவரிசை எதுவும் போடக்கூடாது. பிள்ளை ஊருக்குள், சிநேகிதரோடு விளையாட வேண்டும். பெற்றோரின் காசு பிள்ளைக்குத் தடையாக இருக்கக்கூடாது. இப்படிப் பிள்ளைகளை நெருக்காமல் விட்ட நாடு பின்தங்கியதா? 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் எடுத்து முதலாவதாக வந்தது. நோர்வேயிடம் எண்ணெய்க் காசு இருக்கிறது, எங்களிடம் இல்லை. தெரியும். ஆனால் பத்து வயதுப் பிள்ளைகளை மாவட்டம் மாவட்டமாக இழுக்காமல் விடுவதற்கு எண்ணெய்க் காசு தேவையில்லை. பிள்ளைக்கு விளையாடும் உரிமை உண்டு என்று சொல்கிற ஐநா சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31 ஆவது உறுப்புரையை இலங்கையும் 1991 இல் ஏற்றுக்கொண்டது. உரிமை என்று ஒப்பமிட்டுவிட்டுப் பில்லை வீட்டுக்கு அனுப்பலாமா?

பதக்கம் வந்த பிறகு நடப்பது இன்னொரு கூத்து. 1958 இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்ந்து தங்கம் எடுத்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தை இன்றைக்கும் எல்லோரும் "எங்கட ஆள்" என்கிறோம். தர்ஜினி சிவலிங்கத்தின் உயரத்தைப் பகிடி பண்ணிய வாய்களே 2018 இல் ஆசிய வலைப்பந்துக் கிண்ணம் வந்தபோது "எங்கட பிள்ளை" என்றன. வெல்லும்வரை பிள்ளை அம்மாவுடையது. வென்றால் ஊருடையது. தோற்றால் திரும்பவும் அம்மாவுடையது.

எங்களையும் விட்டுவிட்டுப் பேசுவது நேர்மை இல்லை. பழைய மாணவர் குழுக்களில் நாங்களும் இருக்கிறோம். பெரிய போட்டி வருகிறது என்றால் ரீசேட் அடிக்க, பாண்ட் பிடிக்க, பெயர் போட்ட பதாகை கட்ட ஒரு கிழமைக்குள் காசு சேர்க்கிறோம். பதினைந்து வயதுக்கு உட்பட்ட வலைப்பந்துப் பிள்ளைகள் மாகாணப் போட்டிக்குப் போக வான் காசு என்று அதே குழுவில் செய்தி வந்தால், பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறோம். கும்பிடுகிற சின்னம் ஒன்று போட்டுவிட்டுக் கடந்துபோகிறோம். தன் சம்பளத்தில் பந்து வாங்குகிற உடற்கல்வி ஆசிரியர்களுக்கு முன்னால் எங்களுக்கு வெட்கமாக இருக்க வேண்டும்.

ஆகவே கேட்கிறோம். வலயத்துக்கு மேல் தெரிவாகும் எந்தப் பிள்ளையின் பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டில் ஒரு சதமும் வாங்கக்கூடாது. பெண் பிள்ளைகளோடு போகும் பெண் பொறுப்பாளருக்குக் கொடுப்பனவு வேண்டும், அது ஒரு பிள்ளையின் அம்மாவாக இருந்தாலும். பொது மைதானங்களில் பூட்டுப் போடாத கழிப்பறை, உடுப்பு மாற்ற அறை, ஏழு மணிவரை வெளிச்சம். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இல்ல நிற ரீசேட்டும் சோடனைக் காசும் வேண்டாம், பந்து போதும். விளையாட்டுக் குழுக்களின் கூட்டத்தில் பெற்றோருக்குக் கதிரை மட்டும் போதாது, முடிவெடுக்கும் வாக்கும் வேண்டும். பழைய மாணவர் சங்கங்கள் பெரிய போட்டிக்குச் சேர்க்கிற காசில் பாதியைச் சின்னப் பிள்ளைகளின் பயணத்துக்கு ஒதுக்கட்டும். இந்தக் கடைசிக் கோரிக்கை எங்களுக்கு நாங்களே வைப்பது. எங்கள் குழுவில் இந்தக் கிழமையே கேட்கப்போகிறோம். உங்கள் குழுவில் நீங்கள் கேளுங்கள்.

அடுத்த வருசம் இல்ல விளையாட்டுப் போட்டியில் யாராவது ஒலிவாங்கியைப் பிடித்து "எங்கட பெற்றோருக்கு விளையாட்டின்ர அருமை விளங்கிறேல்ல" என்று தொடங்கினால், கை தட்டாதீர்கள். மைதானத்தின் மற்றப் பக்கம் போய், தண்ணீர்ப் போத்தலோடு நிற்கிற அந்த அம்மாவிடம் கேளுங்கள்: "அன்ரி, போன முறை மட்டக்களப்புக்குப் போய்வர எவ்வளவு முடிஞ்சது?" அவ சதக் கணக்கில் சொல்லுவா.