அரிசி இருக்க பிரெட் எதற்கு?

வீட்டில் ஒரு குழந்தைக்குக் கோதுமை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டால், ஊரிலிருந்து வரும் முதல் ஆறுதல் இதுதான்: "கவலை எதற்கு? இட்லி, தோசை, சாதம் என்று நமக்கு என்ன குறை?" இதில் பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றித்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் க்ளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சீலியாக் நோய் உள்ளவர்கள் இதைச் சாப்பிட்டால் உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. வயிற்றுப்போக்கு, சோகை, வளர்ச்சிக் குறைவு எனப் பல விதமாக இது தலைகாட்டும். க்ளூட்டனை ஆயுள் முழுதும் அறவே விலக்குவதுதான் சிகிச்சை.

"சோறு தின்னும் நமக்கு இதெல்லாம் வராது" என்பாரும் உண்டு. 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்நோய் வட இந்தியாவில் 100 பேரில் 1.23 பேருக்கும், தெற்கே 0.10 பேருக்கும் இருப்பதாகக் கண்டது. ஆனால் நோய்க்கு இடம் தரும் மரபணுக் கூறு இரு பகுதியிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். வேறுபாடு, உண்ணும் கோதுமையின் அளவில் இருந்தது. டில்லியிலும் லக்னோவிலும் காலையில் பிரெட், இரவில் சப்பாத்தி என்று வாழும் நாம் இதை யோசிக்க வேண்டும்.

சரி, அரிசிதான் இருக்கிறதே, பிரெட் எதற்கு? இங்கே வளரும் குழந்தைக்கு இட்லி மட்டும் உலகமல்ல. பள்ளியில் பக்கத்துப் பிள்ளை சாண்ட்விச் தின்னும்போது, தினமும் வேறுபட்டு நிற்க எந்தப் பிள்ளைக்கும் பிடிக்காது. ஒரு நாள் மறைவாக ஒரு கடி கடிக்கும். அந்த ஒரு கடிதான் ஆபத்து. ஆகவே நல்ல பிரெட் ஆடம்பரமல்ல; பத்தியம் நிலைக்க உதவும் ஊன்றுகோல். கடையில் கிடைப்பது விலையோ அதிகம். பல சமயம் தொட்டால் உதிர்கிறது. வீட்டில் செய்வதே வழி.

வீட்டில் செய்து பார்த்துக் கைவிட்டவர்கள் பெரும்பாலும் அதைச் சப்பாத்தி மாவாக நினைத்துப் பிசைந்தவர்கள். கோதுமையில் க்ளூட்டன் வலைபோல நின்று காற்றைப் பிடித்து வைக்கிறது. அரிசி மாவில் அந்த வலை இல்லை. எவ்வளவு பிசைந்தாலும் வராது. இட்லியை நினைத்துப் பாருங்கள். வெறும் அரிசியில் இட்லி பஞ்சாகுமா? உளுந்தின் வழவழப்பல்லவா காற்றைத் தாங்குகிறது! பிரெட்டில் அந்த வேலையைச் செய்வது மருந்துக் கடையில் விற்கும் இசப்கோல் உமி.

அளவு இதோ: அரிசி மாவு 200 கிராம், வெள்ளைச் சோள மாவு (இங்கே ஜோவார்) 100 கிராம், மரவள்ளி அல்லது உருளைக்கிழங்கு ஸ்டார்ச் 100 கிராம், இசப்கோல் உமி 20 கிராம், உடனடி ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரை 20 கிராம், உப்பு 7 கிராம், எண்ணெய் 2 மேஜைக்கரண்டி, வினிகர் 1 தேக்கரண்டி, வெதுவெதுப்பான நீர் 420 மில்லி. கண்ணளவு வேண்டாம், தராசில் நிறுங்கள்.

உமியை நீரில் கலந்து 10 நிமிடம் வைத்தால் கூழாகும். மற்றவற்றைச் சேர்த்து, மெதுவடை மாவைவிடச் சற்றுக் கெட்டியாக வரும்வரை அடித்துக் கலக்குங்கள். எண்ணெய் தடவிய டின்னில் போட்டு, ஈரக்கையால் மேலே தடவி, ஒன்றரை மடங்கு உயரும்வரை மூடி வையுங்கள். வெயில் காலத்தில் முக்கால் மணி போதும். தை மாதக் குளிரில் இட்லி மாவைப் போலவே இதுவும் அடம் பிடிக்கும். பிறகு 190 டிகிரியில் 50 முதல் 55 நிமிடம். வெந்ததும் டின்னிலிருந்து எடுத்து, முழுதும் ஆறிய பிறகே வெட்டுங்கள். சூட்டோடு வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும். துண்டு போட்டு ஃப்ரீஸரில் வைத்து, வேண்டியபோது சூடாக்கினால் மென்மை திரும்பும்.

இவ்வளவும் செய்துவிட்டு, கோதுமை அரைக்கும் சக்கியிலேயே அரிசியையும் அரைத்து வந்தால் பயனில்லை. சப்பாத்திக் கட்டை, டோஸ்டர் தனியாக இருக்கட்டும். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். சாம்பார், ரசம் வழியாகக் கோதுமை நுழைவதை நம்மில் பலர் கவனிப்பதேயில்லை. பாக்கெட்டில் "க்ளூட்டன் ஃப்ரீ" என்று இருக்கிறதா என்று பாருங்கள். கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் க்ளூட்டன் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி.

இன்னொன்று. இது நாகரிகத்துக்கான பத்தியமல்ல. சந்தேகம் இருந்தால் கோதுமையை நிறுத்தும் முன்பே டாக்டரிடம் போய் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நிறுத்திய பின் செய்தால் நோய் இருந்தும் தெரியாமல் போகலாம்.

நம் சங்க விழாப் பந்தியிலும் ரவா கேசரிக்குப் பக்கத்தில் ஒரு சர்க்கரைப் பொங்கல், பெருங்காயம் சேர்க்காத ஒரு சாம்பார், தனிக் கரண்டி என்று வைக்கலாமே. "ஒரு வாய்தானே, ஒன்றும் ஆகாது" என்று எந்த மாமியும் அந்தப் பிள்ளையை வற்புறுத்தாதிருந்தால், அதுவே பெரிய உபசாரம்.