உறங்கும் தசையும் தலையெழுத்தும்

'மரபணு' என்ற சொல் நமது எழுத்துகளில் பெரும்பாலும் 'விதி' என்பதன் மறுபெயராகவே புழங்குகிறது. இதய நோயைப் பொறுத்தவரை இது வெறும் சொற்குற்றமன்று. உயிரோடு விளையாடும் குற்றம்.

2009-இல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பெருந்துறை எஸ். தண்டபாணி முதலானோர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இதயத் தசை சுருங்குவதற்குத் துணைநிற்கும் ஒரு புரதத்தின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதும், துணைக்கண்டத்தாரில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினர் அதைச் சுமப்பதும் தெரியவந்தன. 2011-இல் லக்னோ ஆய்வாளர்கள், இதயக்குழாய் அடைப்புள்ளோரில் இடது கீழறை வலுவிழந்தவர்களிடம் இவ்விடுபடல் மிகுந்திருப்பதாகக் கூறினர். நம் இனத்தின்மீதே ஒரு சாபம் விழுந்துவிட்டதென முடிவுகட்ட இவை போதுமானவையாகத் தோன்றலாம். ஆனால் 2018-இல் சக்திவேல் சடையப்பன் குழுவினர், அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் சேர்ந்திருந்த சிறுபகுதியினரிடமே இதயம் அளவுமீறிச் சுருங்குவதைக் கண்டனர். விடுபட்ட 25 எழுத்துகள் மட்டுமே முழுக் கதையன்று.

எழுத்தைக் காட்டிலும் அது வாசிக்கப்படும் விதம் நம்மை வியக்கவைக்கிறது. குருதி வரத்து குறைந்த இதயத் தசை பலவேளைகளில் சாவதில்லை; செலவைச் சுருக்கிக்கொண்டு உறங்குகிறது. பம்பாயில் பிறந்த இதய மருத்துவர் ஷாபுதீன் ரஹிம்துலா 1980-களில் இக்கருத்தை மருத்துவ உலகில் நிலைநாட்டினார். டெப்ரே, வாட்னர் குழுவினர் 2004-இல், அத்தகைய நோயாளிகளின் தசைத் துணுக்குகளை ஆராய்ந்தனர். செல்லின் சாவைத் தடுக்கும் புரதங்கள், புதிய குருதிக்குழாய்களைத் தூண்டும் புரதங்கள், சர்க்கரையை உள்ளிழுக்கும் புரதங்கள் ஆகியவற்றுக்கான மரபணுக்கள் அங்கே மும்முரமாக இயங்கிக்கொண்டிருந்தன. சோர்ந்து கிடக்கும் தசைக்குள் பிழைத்திருப்பதற்கான வேலை ஓயவில்லை.

சேலம் – நாமக்கல் நெடுஞ்சாலையில் உள்ள புதுச்சத்திரத்தில், லாரித் தொழிலையும் கோழிப்பண்ணையையும் நம்பி வாழும் குடும்பங்களில், எக்கோ எடுத்துத் திரும்பியவர் 'பம்பிங் கம்மி' என்பார். 'எங்க பரம்பரைக்கே நெஞ்சு வியாதிதான்' என்று வீட்டார் பெருமூச்செறிவர். அந்தப் பெருமூச்சோடு மாத்திரையும் நின்றுபோகுமானால், உறங்கும் தசை சாகும் தசையாகிவிடும்.

எதிர்முனைக்குத் தாவுவதும் தகாது. அடைப்பை நீக்கிய உடனே இதயம் விழித்தெழும் என்பதற்கு உறுதியில்லை. தழும்பாகிப்போன பகுதி மீள்வதில்லை. வலுவிழந்த இதயத்தில் நல்ல மருந்துகளோடு ஸ்டென்ட்டும் வைப்பதால் மரணமோ மருத்துவமனைச் சேர்க்கையோ குறையவில்லை என 2022-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. பைபாஸ் அறுவை செய்துகொண்டோரின் ஆயுள் நீண்டதாகவோ, பத்தாண்டுக் கண்காணிப்புக்குப் பின் 2016-இல் வேறோர் ஆய்வு தெரிவித்தது. யாருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எடைபோட வேண்டியிருக்கிறது.

ஆகவே, குடும்பத்தில் இதயநோய் உண்டென்றால் முன்கூட்டியே பரிசோதித்துக்கொள்ளவும், புகையை விடவும், மருந்தை நிறுத்தாதிருக்கவும் அதுவே தக்க காரணம், கைவிடுவதற்குக் காரணமன்று. 2023 முதல் தமிழக ஆரம்ப சுகாதார நிலையங்களில் 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ், மாரடைப்பு அறிகுறியோடு வருவோருக்கு முதற்கட்ட மாத்திரைகள் அங்கேயே தரப்படுகின்றன. மரபணுவைப் பற்றி எழுதும் நாம் 'தலையெழுத்து' என்ற உவமையைத் துறப்பதும், இத்தகைய செய்தியைச் சேர்த்து எழுதுவதும் நம்மால் இயன்ற சிறு தொண்டு.