மரத்தைப் பாராதே, மங்கைப் பார்!



"நம்மவர் நடத்தும் மென்பொருள் நிறுவனம். பங்கு வெறும் முப்பது சென்தான். கணினித் துறை வளர்கிறது. வாங்கிப் போட்டால் பிள்ளையின் மேற்படிப்புக்கு ஆகும்." ஆசிரியர் அறையிலும் புலனக் குழுக்களிலும் அடிக்கடி கேட்கும் அறிவுரை இது. இதில் மூன்று காரணங்கள் உள்ளன. மூன்றுமே ஏற்கத்தக்கவையல்ல!

முதலாவது, 'நம்மவர்' என்பது. இச்சொல்லை நம்பி ஒரு தலைமுறையே பணம் போட்டது. 1980களில் தொடங்கப்பட்ட மைக்கா ஹோல்டிங்சில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஏறத்தாழ 10 கோடி வெள்ளியைக் கொட்டினர். தோட்டத் தொழிலாளர் பலர் நகையை அடகு வைத்தும் பங்கு வாங்கினர். கால் நூற்றாண்டு காத்திருந்தவர்களுக்கு 2010இல் பங்கு ஒன்றுக்கு 80 சென் விலை பேசப்பட்டது. போட்ட ஒரு வெள்ளியே முழுதாகத் திரும்பவில்லை.

ஆனால், 1960இல் சுங்கை சிப்புட் தந்த தலைவர் துன் சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கமும் நம்மவருடையதுதானே என்று கேட்கலாம். உண்மை. துண்டாடப்பட்ட தோட்டங்களை வாங்க, தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தனர். அங்கே நிலம் எத்தனை ஏக்கர், மரத்தின் வயது என்ன, வெட்டுவதற்குப் பட்டை எவ்வளவு மிச்சம் என்பதைப் பால்வெட்டுக்குப் போகும் எவரும் கண்ணால் கண்டு சொல்லலாம். அதைக் காப்பாற்றியது இனப்பற்று மட்டுமன்று. கண்ணுக்குத் தெரிந்த சொத்தும்தான்.

இரண்டாவது, 'முப்பது சென் மலிவு' என்பது. இது கணக்குப் பாடத்தில் தோற்றவர் சொல்லும் சொல். ஒரு நிறுவனத்திற்கு 20 கோடி பங்குகள் என்று வைத்துக்கொள்வோம். பங்கு 30 சென் என்றால் முழு நிறுவனத்தின் விலை 6 கோடி வெள்ளி. ஆண்டு இலாபம் 20 இலட்சம் வெள்ளியானால், இலாபம் இப்படியே இருந்தால் போட்ட பணத்தை ஈட்ட 30 ஆண்டுகள் ஆகும். இதுவா மலிவு?

மூன்றாவது, 'துறை வளர்கிறது' என்பது. துறை வளரலாம், அந்த நிறுவனமும் வளருமா? மென்பொருள் நிறுவனத்தில் மரம் இல்லை, மண் இல்லை. நிரலாளர்களின் சம்பளத்தில் ஒரு பகுதியைச் செலவாகக் காட்டாமல் 'உருவாக்கச் சொத்து' என்று எழுதக் கணக்கியல் விதிகள் சில நிபந்தனைகளோடு இடம் தருகின்றன. அதனால் இலாபம் கொழுத்துத் தெரியும். விற்றதாகக் காட்டிய தொகை வந்துசேராமல் கடனாகவே நிற்கலாம். மரம் உயரமாக இருக்கிறது. மங்கில் பால் எங்கே?

வாடிக்கையாளர் யார் என்பதும் முக்கியம். சாலைவரி முதலிய அரசுச் சேவைகளை இணையவழி வழங்கும் மைஈஜி, 2007இல் சிறு நிறுவனங்களுக்கான மெஸ்டாக் சந்தையில் நுழைந்தது. அன்று வாங்கிப் பொறுத்திருந்தோர் பெரும் பயன் பெற்றனர். ஆயினும் 2018 மே மாதம் ஆட்சி மாறியதும், அம்மாதத்திற்குள்ளேயே பங்கின் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. அரசு ஒப்பந்தங்களையே பெரிதும் நம்பியிருந்ததன் விளைவு இது.

மெஸ்டாக் 2009இல் ஏஸ் சந்தை ஆயிற்று. அங்கே நுழைய இலாப வரலாறு கட்டாயமில்லை என்பதை எத்தனை பேர் அறிவோம்?

ஆகவே, பங்கு வாங்குமுன் புர்சா மலேசியாவின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆண்டறிக்கையைத் திறந்து நான்கு கேள்விகள் கேளுங்கள்:

1. இலாபத்திற்கு ஈடாகப் பணம் உள்ளே வந்ததா?
2. வரவேண்டிய கடன், விற்பனையைவிட வேகமாக ஏறுகிறதா?
3. ஓரிரு வாடிக்கையாளர் போய்விட்டால் என்ன மிஞ்சும்?
4. புதிய பங்குகளை வெளியிட்டு வெளியிட்டே காலம் தள்ளுகிறார்களா?

இவற்றுக்கு விடை கிடைத்தாலும் முழு உறுதி இல்லை. 2009 சனவரி 7ஆம் நாள், இந்தியாவின் சத்யம் நிறுவனத் தலைவர் இராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய 5,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட ரொக்கம் இல்லவே இல்லை என்று தாமே எழுதிக் கொடுத்தார். கணக்காய்வாளர் ஒப்பமிட்ட கணக்கு அது! பெரிய நிறுவனத்திலேயே அப்படியென்றால், சிறியதில் சேமநிதிப் பணத்தையும் பிள்ளைகளின் கல்விப் பணத்தையும் போடுவது முறையா? இழந்தாலும் குடும்பம் அசையாத தொகையை மட்டுமே போடுக.

மாணவனிடம் "விடை மட்டும் போதாது, வழிமுறையைக் காட்டு" என்கிறோம். பங்கு வாங்கச் சொல்பவரிடமும் அதையே கேட்போம்!