தன் ஊரைத் தான் ஆராயக் கூடாதா?

சமூகவியல் படிக்கும் பி.ஏ. வகுப்புப் பிள்ளைகள், கடைசி வருஷத்தில் ஒரு விஷயத்தைத் தாங்களே நேரில் விசாரித்து எழுதி, ஆசிரியர்கள் முன் நின்று வாசித்துக் காட்ட வேண்டும் என்று பல கலாசாலைகளில் ஏற்பாடு இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சேரியிலிருந்து வந்த பிள்ளை தன் ஊர்க் கிணற்றையும் சுடுகாட்டுப் பாதையையும் பற்றி எழுதிக்கொண்டு வந்தால், "இது உன் சொந்த விவகாரம், பட்சபாதம் வந்துவிடும், வேறு ஏதாவது எடுத்துக்கொள்" என்று புத்தி சொல்லுகிற பண்டிதர்களும் இருக்கிறார்கள். இந்தப் புத்தியின் யோக்கியதையைச் சற்றுப் பார்ப்போம்.

1915 டிசம்பரில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் வெள்ளைக்காரர் சென்னைச் சர்வகலாசாலைக்கு முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். 1916-ல் ஒரு கேள்விப் பட்டியலைக் கையில் கொடுத்து, மாணாக்கர்களைத் தங்கள் தங்கள் ஊருக்கே விசாரிக்க அனுப்பினார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று அவர்கள் கேட்டு எழுதினார்கள். தென்னாற்காடு இருவேல்பட்டு, வடஆற்காடு தூசி, திருநெல்வேலி கங்கைகொண்டான் முதலிய ஊர்களின் சங்கதி 1918-ல் புத்தகமாயிற்று. கலியாணச் செலவுக்குக் கடன் வாங்கிப் பண்ணையில் அடைபட்டுக் கிடந்த இருவேல்பட்டுப் படியாட்களின் கதி அதில்தான் அச்சேறியது. 1937-ல் அந்த ஊர்களை மறுபடியும் ஆராய்ந்தார்கள். 2008-லும் இருவேல்பட்டை ஆராய்ந்தார்கள். அத்தனைக்கும் அடிப்படை அந்தப் பிள்ளைகள் எழுதிய கணக்கேயாகும்.

அக்காலத்தில் கலாசாலைப் படியேறியவர்களில் பெரும்பாலோர் பார்ப்பனர். அப்படிப்பட்ட பிள்ளை சேரிக்குள் போய்க் கேட்டிருப்பானா, வரப்பில் நின்று கூப்பிட்டுக் கேட்டிருப்பானா? அவன் சொந்த ஊரைப் பற்றி எழுதினது ஆராய்ச்சியாம்! அந்தப் படியாளின் கொள்ளுப்பேத்தி அதே ஊரைப் பற்றி எழுதினால் மட்டும் பட்சபாதமாம்! இது எந்த ஊர் நியாயம்?

அதே 1916-ல், மே 9-ந் தேதி, அமெரிக்கா கொலம்பியா சர்வகலாசாலையில் 25 வயது அம்பேத்கர் ஜாதியைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அவரும் அப்போது மாணாக்கரே. உடன்கட்டை, விதவைக் கொடுமை, பால்ய விவாகம் மூன்றும் ஜாதிக்குள்ளேயே மணம் என்ற வேலியைக் காப்பாற்ற வந்தவை என்று காட்டினார். ஜாதியால் அடிபட்டவன் அதைப் பேசலாகாது என்று அன்று வாயை மூடியிருந்தால் நமக்கு என்ன கிடைத்திருக்கும்?

பட்சபாதம் யாருக்குத்தான் இல்லை? அதைத் தடுப்பது பிறப்பல்ல, முறை. எத்தனை வீட்டில் கேட்டாய், மேலத்தெருவிலும் கேட்டாயா, பதில் சொல்ல மறுத்தவர் எத்தனை பேர் என்று பண்டிதர்கள் கேட்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. காசு கொடுத்து எழுதி வாங்கிப் பொன்னெழுத்து அட்டை போட்டுக் கொண்டு வருகிறவர்களை இந்தக் கேள்விகளால் மடக்கினால் இன்னும் நல்லது.

மற்றொன்று. இந்தக் கட்டுரைகளைக் கலாசாலை அலமாரியில் பூட்டி வைப்பானேன்? எந்த ஊரைப் பற்றி எழுதினார்களோ அந்த ஊரிலேயே, தமிழில், பஞ்சாயத்தார் முன்னிலையில் ஒருமுறை வாசிக்கச் செய்யட்டும், ஆசிரியரும் கூட வந்து உட்காரட்டும். சொன்னவர் பெயரை மட்டும் வெளியே விடாமலிருந்தால் போதும். கணக்கில் தப்பிருந்தால் ஊரார் அங்கேயே திருத்துவார்கள்.