எல் போர்டு வண்டியில் சவாரி ஏற்றலாமா?

வண்ணார்பேட்டையில் ஒரு தம்பி இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரிப் படிப்பு முடிந்துவிட்டது. வேலை கிடைக்கவில்லை. ஆனால் கம்ப்யூட்டரில் கெட்டிக்காரன். பக்கத்துத் தெரு அரிசிக் கடைக்காரர், "பில் போட ஒரு புரோகிராம் செய்து கொடு, தம்பி" என்கிறார். செய்து கொடுக்கிறான். 5 ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. தாயாருக்கு ஒரே மகிழ்ச்சி. ஜங்ஷனில் ஒரு கடை, பாளையங்கோட்டையில் ஒரு கடை என்று மேலும் பலர் தேடி வருகிறார்கள்.

நல்ல காரியம்தான். ஆனாலும் அந்தத் தம்பியிடம் ஒரு கேள்வி. "எந்தக் கருவியைக் கொண்டு இதைச் செய்தாய்? செய்ததை விற்க உனக்கு அனுமதி உண்டா?"

இது என்ன கேள்வி என்று நினைக்கலாம். புரோகிராம் செய்வதற்கும் ஒரு புரோகிராம் வேண்டும். தறி இல்லாமல் துணி நெய்ய முடியுமா? அந்தத் தறிக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. கடைக்காரரிடம் தறி இருக்காது. ஆகவே அது இல்லாமலே தனித்து ஓடும்படி புரோகிராமைக் கட்டிக் கொடுக்க வேண்டும். அப்படிக் கட்டும்போது, கருவியின் சில பகுதிகளும் அதனுடன் சேர்ந்து கடைக்குப் போய்விடும். அடுத்தவர் பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்க அனுமதி வேண்டாமா? அந்த அனுமதிதான் லைசென்ஸ்.

ஒரே கருவி, பல பதிப்பு

ஒரே கருவியைப் பல பதிப்புகளாகத் தருகிறார்கள். மாணவருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று. விலை குறைந்தால் நிபந்தனை கூடும்.

என்ஜினீயரிங் மாணவர்கள் அறிந்த 'மாட்லாப்' கருவியைப் பாருங்கள். அதன் மாணவர் பதிப்பு படிப்புக்கு மட்டுமே. தனித்து ஓடும் புரோகிராம் செய்ய 'கம்பைலர்' என்ற பகுதியும் வேண்டும். மைக்ரோசாப்ட்டின் 'விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டி' பதிப்போ வேறு மாதிரி. அது இலவசம். தனி மனிதர் அதில் செய்த புரோகிராமை விற்கவும் செய்யலாம். பெரிய கம்பெனிகளுக்குத்தான் கட்டுப்பாடு.

எல் போர்டு மாட்டி வண்டி பழகலாம். அதே வண்டியில் கூலிக்குச் சவாரி ஏற்றலாமா? மாணவர் பதிப்பும் அப்படித்தான்.

திருட்டுப் பிரதி வேண்டாம்

"பூட்டை உடைத்த பிரதி சும்மா கிடைக்கிறதே" என்பார்கள் சிலர். நமது பதிப்புரிமைச் சட்டம் 1957-ம் ஆண்டுச் சட்டம். அதன் 63பி பிரிவு என்ன சொல்கிறது? திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை. 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். 5 ஆயிரம் சம்பாதிக்கப் போய் 50 ஆயிரம் கட்டுவதா?

பணம் இல்லையே?

கவலை வேண்டாம். நேர் வழி இருக்கிறது.

வண்ணார்பேட்டையையும் ஜங்ஷனையும் இணைக்கும் பாலத்தைப் பாருங்கள். சுலோசன முதலியார் தமது சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கட்டிய பாலம், 1843-ல் திறக்கப்பட்டது. இன்றும் ஊரே நடக்கிறது. அதைப்போல உலகத்துக்குப் பொதுவாகக் கொடுக்கப்பட்ட கருவிகள் உண்டு. 'பைதான்' மொழி இலவசம். அதில் எழுதியதைத் தனித்து ஓடும்படி கட்டித் தரும் 'பைஇன்ஸ்டாலர்' இலவசம். விற்பதற்கும் தடை இல்லை.

ஆனால், பொதுச் சொத்துக்கும் முறை உண்டு. ரிச்சர்டு ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் 1989-ல் 'ஜி.பி.எல்.' என்ற லைசென்ஸைக் கொண்டுவந்தார். அதன்படி வந்த பகுதியைச் சேர்த்துப் புரோகிராம் செய்தால், விலைக்கு விற்கலாம். ஆனால், வாங்கியவருக்கு அதன் மூலத்தையும் கொடுக்க வேண்டும். அவர் அதைத் திருத்தவும் பிறருக்குத் தரவும் விட வேண்டும். பாலத்தில் சரக்கு கொண்டுபோகலாம். நடுவில் கதவு போட்டுப் பூட்டக் கூடாது!

மூன்று கேள்விகள்

ஆகவே, தம்பிகளே, தங்கைகளே! வேலையைத் தொடங்கும் முன்பே மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பதிப்பில் செய்ததை விற்கலாமா? தனித்து ஓடும்படி கட்டிப் பிறருக்குக் கொடுக்கலாமா? கூடச் சேர்த்த ஒவ்வொரு பகுதிக்கும் என்ன நிபந்தனை?

கடைக்காரர்களே, நீங்களும் விலையை மட்டும் கேட்காதீர்கள். "லைசென்ஸ் சரியாக இருக்கிறதா?" என்றும் கேளுங்கள். பெற்றோர்களே, நிபந்தனை ஆங்கிலத்தில் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். பிள்ளையை அருகில் உட்காரவைத்து, படித்துத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.

"சம்மதம்" என்ற பொத்தானை அமுக்க ஒரு விநாடி போதும். படிக்க அரை மணி ஆகும். அந்த அரை மணிதான் பிள்ளையின் தொழிலுக்கு அஸ்திவாரம்.